நன்றாகச் சாம்பார் வைப்பவருக்கு எதற்கு 60 கிரெடிட்?

கேள்வி: எனக்கு 37 வயது. மதுரையில் பி.காம். முடித்தேன். ஒன்பது வருடமாக ஜெர்சி சிட்டியில் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார், கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஒப்புதல் ஆகிவிட்டது. நான் எச்-4, அவரைச் சார்ந்து இருக்கும் விசா. வேலை அனுமதி அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. கோயில் விசேஷம், தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாள் என்று 60, 70 பேருக்குக்கூடச் சமைத்திருக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஹட்சன் கவுண்டி கம்யூனிட்டி காலேஜில் சமையல் கலைக்கு 60 கிரெடிட், அதாவது பாட அலகு, கொண்ட இரண்டு வருடப் பட்டம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் கம்யூனிட்டி காலேஜ் இலவசம் என்றும் சொல்கிறார்கள். பின்னாளில் இட்லி மாவு, சாம்பார் பொடி, சிறிய அளவில் கேட்டரிங் செய்ய ஆசை. நாங்கள் சைவம். முட்டையைத் தொடுவேன், சாப்பிட மாட்டேன். சேரலாமா? எவ்வளவு செலவாகும்? இறைச்சியைத் தொடாமல் படிக்க முடியுமா?

பதில்: வயதைப் பற்றி யோசிக்காதீர்கள். கம்யூனிட்டி காலேஜின் சமையல் வகுப்பில் 18 வயதுப் பையனும் ஓய்வுபெற்ற தபால்காரரும் ஒரே மேசையில் வெங்காயம் நறுக்குவார்கள். உங்கள் விஷயத்தில் முடிச்சு மூன்று இடத்தில் இருக்கிறது: விசா, பணம், இறைச்சி. இதே வரிசையில் அவிழ்த்தால்தான் சரியாக வரும். பலரும் காலேஜில் சேர்ந்து பணம் கட்டிய பிறகு விசாவைப் பற்றிக் கேட்கிறார்கள்.

எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கத் தடை இல்லை. மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வேண்டாம், மாணவர் விசாவுக்கு மாறவும் வேண்டாம். முழுநேரமோ பகுதிநேரமோ உங்கள் வசதி. சிக்கல் பட்டத்தின் கடைசிப் பகுதியில் வரும். எக்ஸ்டர்ன்ஷிப் என்று ஒன்று இருக்கும். வெளியே ஒரு உணவகத்திலோ ஹோட்டல் சமையலறையிலோ சில நூறு மணி நேரம் வேலை செய்து கையெழுத்து வாங்கி வர வேண்டும். சம்பளம் கொடுத்தால் அது வேலை, உங்களுக்கு அனுமதி வேண்டும். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். லாபத்துக்கு நடக்கும் கடையில், சம்பளக்காரர் செய்யும் வேலையை நீங்கள் சும்மா செய்தாலும் அதை வேலையாகவே எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. உங்கள் கணவரின் ஐ-140 ஒப்புதல் ஆகிவிட்டதால் ஐ-765 படிவம் போட்டு வேலை அனுமதி அட்டை வாங்கும் தகுதி உங்களுக்கு இப்போதே இருக்கிறது. கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்னால் அதைப் போடுங்கள். 2025 அக்டோபர் 30 முதல், புதுப்பிக்க விண்ணப்பித்தால் பழைய அட்டை தானாக நீளும் என்ற சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. எனவே எக்ஸ்டர்ன்ஷிப் நடுவே அட்டை காலாவதி ஆகாதபடி செமஸ்டரைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். இதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது: அட்டை கைக்கு வரும்வரை பிறந்தநாள் சமையலுக்குப் பணம் வாங்காதீர்கள், ‘சாமான் செலவுக்கு மட்டும்’ என்ற பெயரிலும் வேண்டாம். உங்கள் விசா ஆவணங்களை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அதற்காகும் செலவு ஒரு பாடத்தின் கட்டணத்தைவிடக் குறைவுதான்.

இனி ‘இலவசம்’. நியூ ஜெர்சியில் அப்படி ஒரு மாநில உதவித்தொகை உண்மையிலேயே இருக்கிறது. குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள் இருந்தால் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் முழுவதையும் ஏற்றுக்கொள்ளும், அதற்கு மேலே ஒரு வரம்புவரை கொஞ்சம் குறைத்துத் தரும். ஆனால் ஏற்கெனவே கல்லூரிப் பட்டம் பெற்றவருக்கு அது கிடையாது. மத்திய அரசின் பெல் உதவித்தொகையும் அப்படித்தான். எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும் இளங்கலைப் பட்டம் இருந்தால் இல்லை. எச்-4 விசாவுக்கு மத்திய உதவி எப்படியும் கிடைக்காது. நாளைக்கே கிரீன் கார்டு வந்தாலும் உங்கள் பி.காம். குறுக்கே நிற்கும். பட்டத்தை மறைத்து விண்ணப்பிக்கச் சொல்லும் ‘நலம்விரும்பி’கள் இருப்பார்கள். விண்ணப்பத்தில் பொய் சொன்னால் அது கல்லூரியோடு முடியாது, கிரீன் கார்டு நேர்காணலில் வந்து நிற்கும்.

ஆக, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். நாடு முழுவதும் பார்த்தால் உள்ளூர்வாசிக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் சராசரியாக வருடத்துக்கு 4,000 டாலர் அளவில் இருக்கிறது. சமையல் படிப்புக்கு அதோடு முடியாது. ஒவ்வொரு சமையலறைப் பாடத்துக்கும் தனியாக லேப் கட்டணம் உண்டு. நீங்கள் வெட்டி, வதக்கி, சில சமயம் கருக்கிக் குப்பையில் போடும் சாமானுக்கான காசு அது. கத்திப் பெட்டி, இரண்டு மூன்று ஜோடி செஃப் கோட், கட்டம்போட்ட பேன்ட், வழுக்காத கறுப்பு ஷூ எல்லாம் சேர்த்து இன்னும் சில நூறு டாலர். காலேஜில் ‘ஒரு கிரெடிட் எவ்வளவு’ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ‘லேப் கட்டணம், உடை, கத்தி, புத்தகம் சேர்த்து முழுப் படிப்புக்கும் எவ்வளவு’ என்று கேளுங்கள். ஹட்சன் கவுண்டியில் குடியிருப்பவருக்கு ஒரு விலை, வெளிக் கவுண்டிக்கு ஒரு விலை, வெளிமாநிலத்தவருக்கு இன்னொரு விலை. எச்-4 விசாவை எந்தக் கணக்கில் வைக்கிறார்கள் என்பதைச் சேருமுன் எழுத்தில் வாங்குங்கள். வீட்டு ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், கணவரின் வரிக் கணக்கு ஆகியவற்றில் 12 மாதத்துக்கு முந்தைய தேதி உள்ளவற்றை எடுத்துப் போங்கள். லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற வரிச் சலுகை, கட்டிய கட்டணத்தில் 20 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் வரை, வரியைக் குறைக்கும். பட்டதாரியாக இருந்தாலும் உண்டு. தம்பதியாகக் கணக்குத் தாக்கல் செய்தால் 1,60,000 டாலர் வருமானத்தில் குறையத் தொடங்கி 1,80,000-இல் நின்றுவிடும். உங்களிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் ஐடின் என்ற வரி அடையாள எண் மட்டும் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்குமா என்று வரிக் கணக்கரிடம் முதலில் கேளுங்கள்.

தனியார் சமையல் பள்ளிகள் ஃபோனில் விடாமல் கூப்பிடும். கட்டணம் பல மடங்கு. லெ கார்டோன் ப்ளூ என்ற பெரிய பெயரோடு அமெரிக்கா முழுக்க நடந்த பள்ளிகளே 2017-இல் இழுத்து மூடப்பட்டன. 2023 செப்டம்பரில் ஆர்ட் இன்ஸ்டிடியூட் கடைசிக் கிளைகளும் மூடின. கடன் வாங்கிப் படிக்கிற படிப்பு இல்லை இது.

இப்போது உங்கள் பி.காம். உதவிக்கு வருகிற இடம். 60 கிரெடிட் கொண்ட இந்தப் பட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆங்கிலம், கணிதம், மனிதவியல் போன்ற பொதுப் பாடங்கள். அவற்றில் சிலவற்றை நீங்கள் ஏற்கெனவே படித்ததாக ஒப்புக்கொள்ள வைக்கலாம். அதற்கு மதிப்பெண் பட்டியலை வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் உறுப்பினரான ஒரு மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் அடிக்கடி நடக்கிற தவறு, விலை குறைவு என்று பொது மதிப்பீட்டை வாங்கிவிடுவது. ‘இவர் இளங்கலைப் பட்டதாரி’ என்று மட்டும் அது சொல்லும், ஒரு கிரெடிட்கூடக் கழியாது. பாடவாரி மதிப்பீடு கேளுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட பட்டியல் வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம், இன்றே ஊரில் யாரையாவது போகச் சொல்லுங்கள். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைப் பெரும்பாலும் கழிக்க மாட்டார்கள். அதை எதிர்பார்த்தே போங்கள்.

ஆனால் உங்களுக்கு இன்னொரு பட்டம் தேவையா என்பதுதான் கேள்வி. சமையலறைப் பாடங்களை மட்டும் கொண்ட சான்றிதழ்ப் படிப்புகளைப் பல கம்யூனிட்டி காலேஜ்கள் நடத்துகின்றன. அதே அடுப்பு, அதே ஆசிரியர், பொதுப் பாடங்கள் மட்டும் இருக்காது. பெரிய ஹோட்டலிலோ மருத்துவமனை உணவுப் பிரிவிலோ மேலாளர் வேலைக்குப் போவதென்றால் பட்டம் உதவும். சொந்தமாக மாவும் பொடியும் கேட்டரிங்கும் செய்யப் போகிறவரிடம் யாரும் பட்டம் கேட்பதில்லை. சான்றிதழிலிருந்து பிறகு பட்டத்துக்கு ஏறிக்கொள்ளலாம், அந்தக் கிரெடிட்கள் வீணாகாது. இந்தப் பட்டத்தை வைத்து மேலே நான்கு வருடப் படிப்புக்கு முழுசாக மாறலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். நியூ ஜெர்சியின் கிரெடிட் மாற்றச் சட்டம் நான்கு வருடப் படிப்புக்கு மாறுவதற்கென்று அமைந்த ஏ.ஏ., ஏ.எஸ். என்ற இரண்டு வருடப் பட்டங்களுக்குத்தான் முழு உத்தரவாதம் தருகிறது. சமையல் கலைக்குத் தருவது ஏ.ஏ.எஸ்., நேராக வேலைக்குத் தயார் செய்யும் பட்டம்.

இறைச்சிக்கு வருவோம். தொடாமல் சமையல் கலைப் படிப்பை முடிக்க முடியாது. நேராகவே சொல்லிவிடுகிறோம். முழுக் கோழியை எட்டுத் துண்டாகப் பிரிப்பது, மீனைச் செதிலெடுத்து முள்ளிலிருந்து சதையைப் பிரிப்பது, எலும்பை வேகவைத்து ஸ்டாக் என்ற சாறு எடுப்பது மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. சுவைப்பது வேறு விஷயம். செமஸ்டரின் முதல் நாள் ஆசிரியரிடம் தனியாகப் போய், ‘தொடுவேன், வெட்டுவேன், சமைப்பேன், வாயில் வைக்க மாட்டேன்’ என்று சொல்லுங்கள். பல ஆசிரியர்கள் மேசைத் தோழர் சுவைத்துச் சொல்ல அனுமதிப்பார்கள். தேர்வு நாளன்று கரண்டியை நீட்டும்போது சொன்னால் எரிச்சல்தான் வரும். நாக்கு இல்லாத இடத்தில் தராசு உதவும்: பெரும்பாலான காரச் சமையலுக்கு உப்பு மொத்த எடையில் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இரண்டு கிலோ சூப்புக்கு 20 கிராமில் தொடங்கினால் பெரும் தவறு வராது.

கையால் தொடுவதே மனதுக்கு ஒப்பவில்லை என்றால் பேக்கிங் அன்ட் பேஸ்ட்ரி படிப்பைப் பாருங்கள். ஹட்சனில் அதுவும் தனியாக இருக்கிறது. முட்டை, வெண்ணெய், மாவு, சர்க்கரைதான் முக்கியம். ஜெலட்டின் வரும், அதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசை சாம்பாரில் இருப்பது தெரியும். ஆனால் கொஞ்சம் கீழே பார்க்கப்போகிற வீட்டுத் தயாரிப்புச் சட்டம் சாம்பாரைவிட பிஸ்கட்டுக்குத்தான் கதவு திறக்கிறது.

உடை விஷயத்தில் நம் பெண்கள் கேட்கத் தயங்குவதை நாமே சொல்லிவிடுவோம். கையில் வளையல், கயிறு, கைக்கடிகாரம் எதுவும் கூடாது. சமையல் செய்பவர் கையில் வேலைப்பாடு இல்லாத ஒரு மோதிரம் மட்டுமே இருக்கலாம் என்பது உணவு விதி. கல் பதித்த மோதிரம் கழன்றாக வேண்டும். தாலியைச் செஃப் கோட்டுக்குள், வெளியே தொங்காதபடி வைத்துக்கொண்டால் பொதுவாகப் பிரச்சினை வராது. மூக்குத்தி காலேஜுக்குக் காலேஜ் மாறும். பூ வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது, முடி முழுவதும் தொப்பிக்குள்.

சரி, நன்றாகச் சமைக்கத் தெரிந்தவருக்கு அங்கே என்ன சொல்லித் தருவார்கள்? ருசி அல்ல. அதே ருசியை நூறாவது தடவையும், அடுத்தவர் கையாலும், கணக்குப் போட்ட செலவில், யாருக்கும் வயிறு கெடாமல் கொண்டுவருவதை.

முதல் வாரங்கள் கத்தியோடு போகும். கையில் உருளைக்கிழங்கைப் பிடித்துக் கட்டைவிரலை நோக்கிச் சின்னக் கத்தியால் அரிகிற பழக்கத்தை முதல் நாளே விடச் சொல்வார்கள். அடியில் ஈரத்துணி விரித்துப் பலகையை நகராமல் வைப்பது, எட்டு அல்லது பத்து அங்குலக் கத்தியின் அலகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிப்பது, இடது கை விரல்நுனிகளை உள்ளே மடக்கி முட்டியைக் கத்திக்குச் சுவராக வைப்பது. பிறகு அளவு. மீடியம் டைஸ் என்றால் அரை அங்குலக் கட்டம், ஸ்மால் டைஸ் கால் அங்குலம், புருன்வா அரைக்கால் அங்குலம். ஆசிரியர் ஸ்கேல் வைத்து அளப்பார். கிழங்கின் நான்கு பக்கத்தையும் சீவிச் செங்கல்போல ஆக்கி, அரை அங்குலப் பலகைகளாக, பிறகு குச்சிகளாக, பிறகு கட்டங்களாக வெட்டினால்தான் அளவு நிற்கும். நேரே கட்டமாக வெட்டப் போனால் ஓரத்துத் துண்டெல்லாம் உருண்டையாக வரும். இதெல்லாம் அழகுக்கு என்று நினைத்தால் பொறுமை போய்விடும். 70 பேர் கூட்டுக்குக் காய் வேகும்போது பாதி குழைந்து பாதி நறுக்கென்று நிற்பதற்குக் காரணமே துண்டுகளின் அளவு வித்தியாசம்தான்.

அடுத்தது எடை. டம்ளர், கைப்பிடி, கண் அளவு மூன்றும் அங்கே செல்லாது. அமெரிக்க அளவில் அவுன்ஸ் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், இதில் எல்லோரும் ஒரு தடவையாவது விழுவார்கள். எடை அவுன்ஸ் 16 சேர்ந்தால் ஒரு பவுண்டு, 454 கிராம். திரவ அவுன்ஸ் 32 சேர்ந்தால் ஒரு குவார்ட், சுமார் 946 மில்லி. எட்டு அவுன்ஸ் மைதா என்று எழுதியிருக்கும்போது எட்டு அவுன்ஸ் கோடு போட்ட கோப்பையில் அள்ளினால் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் மாவு விழும், ஏனென்றால் ஒரு கோப்பை மைதாவின் எடை நாலே கால் அவுன்ஸ்தான். பெஷமெல் என்ற வெள்ளைச் சாஸுக்கு ஒரு காலன் பாலுக்கு வெண்ணெய் 8 அவுன்ஸ், மைதா 8 அவுன்ஸ். கோப்பையால் அளந்தவரின் சாஸ் மோர் மாதிரி ஓடும். வேலைக்குப் போகிற நாள்வரை மறக்காத பாடம் இது. மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்த்து அடிக்கும் ஹாலண்டேஸ் சாஸ் திரிந்துபோவதை நீங்கள் சட்டென்று புரிந்துகொள்வீர்கள், மோர்க்குழம்பு கொதித்தால் திரிவதுபோலத்தான். மஞ்சள் கரு அதிகம் சூடாகிக் கட்டியானது ஒரு காரணம், உருக்கிய வெண்ணெயை அவசரமாகக் கொட்டியது இன்னொன்று. கரு இன்னும் கட்டியாகாமல் இருந்தால், வேறு கிண்ணத்தில் புதுக் கருவும் ஒரு கரண்டி வெந்நீரும் அடித்து, திரிந்ததைச் சொட்டுச் சொட்டாக அதில் சேர்த்தால் மீளும்.

பெரிய அளவுக்கு மாற்றும்போது நேராகப் பெருக்குவதும் ஒரு பொறி. ஒரு காலன் சாம்பாரை ஐந்து காலன் ஆக்க எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கினால் நீர்த்துப் போகும். பெரிய பாத்திரத்தில் கொள்ளளவுக்கு ஏற்ப மேற்பரப்பு கூடுவதில்லை, ஆவியாகும் தண்ணீர் விகிதத்தில் குறைவு. தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். மிளகாய், புளி, உப்பு மூன்றிலும் கணக்கு வந்ததில் முக்கால் பங்கைப் போட்டுச் சுவைத்து மீதியைச் சேருங்கள். தாளிப்பிலும் கவனம் வேண்டும். நிறையக் கடுகை ஒரே தடவையில் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும், பாதி வெடிக்காமல் கசக்கும்.

உங்களுக்கு மிகவும் தேவையான பாடம் உணவுப் பாதுகாப்பு. மற்ற சமையலறைப் பாடங்களில் சேர இதை முதலில் முடிக்கச் சொல்வார்கள். 41 முதல் 135 டிகிரி பாரன்ஹீட் வரை அபாய வெப்பம், கிருமி பெருகும் இடைவெளி. சமைத்ததை 135-லிருந்து 70 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும், 70-லிருந்து 41-க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். முதல் இரண்டு மணி தவறிவிட்டால் மீண்டும் 165 டிகிரிக்குச் சூடாக்கித் தொடங்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். நம் வீட்டு வழக்கம் என்ன? ராத்திரி ஐந்து காலன் சாம்பாரைப் பாத்திரத்தோடு மூடி வைத்து, ‘ஆறட்டும், பிறகு ஃபிரிட்ஜில் வைக்கலாம்’. அவ்வளவு கெட்டியான குழம்பின் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். இரண்டு அங்குல ஆழத் தட்டுகளில் பரப்பி, ஐஸ் தண்ணீரில் இறக்கி, கிளறிக்கொண்டே ஆற்ற வேண்டும். குழம்பைக் கெட்டியாக வைத்துக்கொண்டு, பிடித்து வைத்த தண்ணீரின் எடைக்கு ஐஸைக் கடைசியில் போடுவது சுலபமான உபாயம். சாதம் இன்னும் ஆபத்து. பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. புளியோதரை பிழைக்கிறதென்றால் புளியின் புண்ணியம். தயிர்சாதத்தை அந்த நம்பிக்கையில் வெளியே வைக்காதீர்கள்.

இந்தப் பாடத்தின் முடிவில் பெரும்பாலும் சர்வ்சேஃப் என்ற உணவுப் பாதுகாப்பு மேலாளர் தேர்வு எழுதச் சொல்வார்கள். 90 கேள்விகள், அதில் 80-க்குத்தான் மதிப்பெண், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். கல்லூரியில் சேராமலே இதை மட்டும் தனியாகவும் எழுதலாம்.

செலவுக் கணக்கில் பி.காம். படித்தவர் பின்தங்க மாட்டீர்கள். வாங்கிய எடைக்கும் சட்டியில் விழுகிற எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாம். 50 பவுண்டு வெங்காய மூட்டை 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தோலும் முனையும் போக 44 பவுண்டு தேறினால் பவுண்டு விலை 50 சென்ட் அல்ல, 57 சென்ட். சின்ன வெங்காயத்தை உரித்து எடை போட்டுப் பாருங்கள், அதோடு உரித்த நேரத்தையும் குறியுங்கள். நியூ ஜெர்சியில் 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.49 டாலர். பலரது கேட்டரிங் நஷ்டம் இந்த உரிக்கிற கூலியில்தான் ஒளிந்திருக்கிறது. தட்டுக்குச் சாமான் செலவு 3 டாலர், அது விற்பனை விலையில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றால் 10 டாலருக்குக் குறைந்து விற்கக் கூடாது.

இனி உங்கள் தொழில் திட்டம். 2021 அக்டோபர் முதல் நியூ ஜெர்சியில் வீட்டுச் சமையலறையில் தயாரித்து விற்க அனுமதி இருக்கிறது. இரண்டு வருட உரிமத்துக்கு 100 டாலர், வருட விற்பனை 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன மேலாளர் சான்றிதழ் இதற்குக் கட்டாயம். ஃபிரிட்ஜ் தேவைப்படாத பண்டங்களுக்கு மட்டும்தான் அனுமதி. பிஸ்கட், கேக், உலர்ந்த மசாலாக் கலவை சரி. முறுக்கு, சீடை போன்றவற்றுக்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். சாம்பாரும் இட்லி மாவும் இதில் வராது, இரண்டுக்கும் உரிமம் பெற்ற வணிகச் சமையலறையை வாடகைக்கு எடுக்க வேண்டும். அங்கேயும் மாவை ராத்திரி முழுக்க அறை வெப்பத்தில் புளிக்கவிடுவது, ஆய்வாளர் கண்ணுக்கு அபாய வெப்பத்தில் கிடக்கும் உணவாகத்தான் தெரியும். அமிலத்தன்மை பி.எச். 4.6-க்குக் கீழே இறங்கியதா என்பதுதான் அவர் கேட்கப்போகும் கேள்வி. ஒரு பி.எச். மீட்டர் வாங்கி, இப்போதே வீட்டு மாவில் மணிக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிப் பழகுங்கள். குளிர்காலத்தில் எத்தனை மணி, கோடையில் எத்தனை மணி என்று உங்கள் கையில் கணக்கு இருந்தால், ஆய்வாளரிடம் பேசுவது எளிது.

சாம்பார் பொடி லேபிளில் ஒரு நுணுக்கம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அமெரிக்க விதிப்படி கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களில் கோதுமை ஒன்று. 2023 முதல் எள்ளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது, ஆகவே எள்ளு சேர்த்த இட்லிப் பொடிக்கும் எழுத வேண்டும். ‘மசாலாப் பொருள்கள்’ என்று பொதுவாக எழுதிவிட்டுத் தப்ப முடியாது.

எங்கள் யோசனை இதுதான். இந்த மாதம் ஐ-765, பாடவாரி மதிப்பீடு இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். மேலாளர் தேர்வை எழுதுங்கள். வரும் செமஸ்டரில் உணவுப் பாதுகாப்பும் முதல் சமையலறைப் பாடமும் மட்டும் எடுங்கள். ஐந்தாறு மணி நேரம் நின்றபடி லேப் நடக்கும், தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்க வேண்டிவரும். முதுகும் வீடும் அதற்கு ஒத்துழைக்கின்றனவா என்று ஒரு செமஸ்டரிலேயே தெரிந்துவிடும். பிறகு சான்றிதழ்ப் படிப்பில் சேருங்கள். பட்டத்தை அட்டை வந்த பிறகு யோசிக்கலாம்.

கல்லூரி ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எக்ஸ்டர்ன்ஷிப்பைக் கல்லூரியின் சொந்த உணவுக்கூடத்திலேயே முடிக்க வழி உண்டா? எத்தனை நாள் வராவிட்டால் பாடம் தோல்வியாகும்? இரண்டாம் சமையலறைப் பாடம் எல்லாச் செமஸ்டரிலும் நடக்கிறதா, பகல் வகுப்பு உண்டா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் பாடம் மாலை ஐந்து மணிக்கு வைக்கப்பட்டிருந்தால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் என்பதை இப்போதே வீட்டில் பேசி வைக்க வேண்டும்.